சதுரங்கம் ஆடும் கோமான்: ஆட்டுத்தோலில் ஓர் இடைக்கால ஏடு

ஒரு கோமானும் ஒரு சீமாட்டியும் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். பலகை அவர்களுக்கு நடுவே படுத்திருக்கவில்லை. நம் பக்கம் திரும்பி நிமிர்ந்து நிற்கிறது. அவர்களுக்குக் கீழே, பாதி அளவுகூட இல்லாத சிறு உருவங்களாக வாத்தியக்காரர்கள்: நீண்ட எக்காளம் ஊதுகிறவர்கள், முரசு தட்டுகிறவர், தோல்பை பொருத்திய குழல் வாசிக்கிறவர். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் மானெஸ்ஸே கைப்பிரதியில் 13ஆம் ஏட்டின் முன்பக்கம் இது. இந்த அமைப்பை எடுத்துக்கொண்டு, அக்காலப் பட்டறை முறைக்கு முடிந்த அளவு நெருக்கமாக, ஆட்டுத்தோலில் ஓர் ஏடு செய்தேன். தோல், மை, பொன், வண்ணம் என்று செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். நிறங்களில் சிலவும் ஓரப்பட்டையும் என் தேர்வு என்பதால் இதை அச்சு அசலான பிரதி என்று சொல்ல மாட்டேன்.

முதலில் இந்தக் கைப்பிரதியைப் பற்றிக் கொஞ்சம். ஏறத்தாழ 1300க்கும் 1340க்கும் இடையில் ஸூரிச் நகரில் உருவானது. 35.5 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம் கொண்ட 426 தோல் ஏடுகள். 140 கவிஞர்களின் காதல் பாடல்களும் பிற பாடல்களும் இதில் இருக்கின்றன. 137 முழுப்பக்க ஓவியங்கள். அவற்றில் 110 ஓவியங்களை ஒரே முதன்மை ஓவியர் செய்திருக்கிறார், மற்றவை பின்னால் சேர்ந்த மூவரின் கை. கவிஞர்களை வரிசைப்படுத்திய விதம்தான் முக்கியம். அகரவரிசையும் இல்லை, கால வரிசையும் இல்லை, கவித்திறன் வரிசையும் இல்லை. பேரரசர் ஆறாம் ஹைன்ரிக் முதலில், பிறகு அரசர்கள், கோமான்கள், பிரபுக்கள், கீழ்நிலைக் குதிரைவீரர்கள், கடைசியில் நகரத்தாரும் தொழில்முறைப் பாடகர்களும். புத்தகத்தைப் புரட்டினாலே அரசவையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்ட ஏட்டின் நாயகர் ஜெர்மானிய எல்லைநாடான பிரான்டன்பர்க்கை ஆண்ட எல்லைக்கோமான் நான்காம் ஓட்டோ. 1280இல் ஸ்டாஸ்ஃபுர்ட் முற்றுகையில் தலையில் அம்பு பாய்ந்து, அதன் முனை வெகுநாள் எடுக்கப்படாமலேயே இருந்ததால் ‘அம்புடன் கூடிய ஓட்டோ’ என்று பெயர் பெற்றவர். 1308இல் இறந்தார். அப்படிப்பட்ட போர்க்காரரை ஓவியர் வாளோடும் குதிரையோடும் வரையவில்லை. ஒரு பெண்ணுக்கு எதிரே காய் நகர்த்த வைத்திருக்கிறார். நான் இந்த ஏட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெத்ருஸ் அல்போன்சி என்ற ஸ்பானிய அறிஞர் ஒரு வீரனுக்கு வேண்டிய திறமைகள் ஏழு என்று பட்டியல் போட்டார்: குதிரையேற்றம், நீச்சல், வில், குத்துச்சண்டை, வல்லூறு வேட்டை, சதுரங்கம், செய்யுள் இயற்றுதல். சதுரங்கமும் செய்யுளும் வில்லோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. அரசவைப் பெண்களுக்கும் சதுரங்கம் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் ஆணும் பெண்ணும் சமமாக உட்கார்ந்து நேரம் செலவழிக்க அன்று அனுமதிக்கப்பட்ட சில வழிகளில் இந்த ஆட்டமும் ஒன்று. காதலை விதிகளுக்கு உட்பட்ட ஆட்டமாகப் பார்த்த ஒரு பண்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

தோல்தான் முதல் தேடல். எழுதும் தோல் என்பது பதனிட்ட தோல் இல்லை. பதனிட்டால் அது செருப்புக்கும் பைக்கும் ஆகும், எழுத ஆகாது. ஆடு, கன்று, செம்மறி இவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, முடி நீக்கி, கழுவி, மரச்சட்டத்தில் நாலாபக்கமும் இழுத்துக் கட்டி, ஈரமாக இருக்கும்போதும் காய்ந்தபிறகும் பிறைவடிவக் கத்தியால் சுரண்டி மெலிதாக்க வேண்டும். இழுவிசையில் காய்வதால்தான் உள்ளே இருக்கும் நார்கள் ஒரே தளத்தில் படிந்து தாள் போல ஆகின்றன. நம் ஊரில் தோற்கருவி செய்கிறவர்களிடம் இருப்பதும் ஏறக்குறைய இதே பொருள்தான். மத்தளத் தோல் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போய், முடி நீக்கிக் காயவைத்த வெள்ளாட்டுத் தோல் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். படம் வரைய என்றேன். தழும்பும் கத்திக்கீறலும் இல்லாத ஒன்றை அவரே தேடி எடுத்துக் கொடுத்து, “கழுத்துப் பக்கம் வேண்டாம் தம்பி, முதுகுப் பக்கம் எடுத்துக்கோ, ஒரே தடிப்பா இருக்கும்” என்றார். அவர் சொன்னது ஐரோப்பியத் தோல் பட்டறைகளுக்கும் பொருந்தும்: கழுத்தும் அக்குளும் தடிப்பு மாறுபட்டுச் சுருங்கும்.

வீட்டில் மறுபடி நனைத்து, மரச்சட்டத்தில் கட்டினேன். தோலின் ஓரத்தில் சிறு கூழாங்கல்லை உள்ளே வைத்து மடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இழுப்பது பழைய முறை. ஓரத்தில் துளை போட்டுக் கட்டினால் இழுக்கும்போது துளை கிழிந்து பெரிதாகும். கல் வைத்துக் கட்டினால் அந்தச் சிக்கல் இல்லை. காய்ந்தபின் சுரண்டி, பாதம் தேய்க்கும் பியூமிஸ் கல்லால் தேய்த்து, கடைசியாகச் சீமைச் சுண்ணாம்புப் பொடி தூவித் துடைத்தேன். பொடி எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும், மை பரவாது. தோலுக்கு இரண்டு முகம் உண்டு. முடி இருந்த பக்கம் சற்று மஞ்சள், மயிர்க்கால் புள்ளிகள் தெரியும். சதைப்பக்கம் வெளுப்பு, மென்மை. நான் சதைப்பக்கத்தில் வரைந்தேன்.

மை விஷயத்தில் நம் நாட்டு மருந்துக்கடை ஒரு பொக்கிஷம். இடைக்கால ஐரோப்பாவின் கருப்பு மைக்கு மூன்று பொருள் போதும்: கருவாலி (ஓக்) மரத்தில் பூச்சி முட்டையிட்டு உண்டாகும் புடைப்பு, இரும்புச் சல்பேட், வேல மரத்துப் பிசின். இங்கே அவை மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின். மூன்றும் ஒரே கடையில், ஒரே பொட்டலத்தில் கிடைத்தன. 30 கிராம் மாசிக்காயை இடித்து 300 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, மெல்லக் காய்ச்சி வடிகட்டி, 20 கிராம் அன்னபேதியும் 10 கிராம் பிசினும் கலந்தேன். எழுதும்போது வெளிறிய சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். காற்றுப்படப் படக் கறுத்து, மறுநாள் நல்ல கருப்பாகிவிடும். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து தோலின் நாருக்குள்ளேயே கருமை உண்டாவதால் அதைத் தண்ணீரால் கழுவ முடியாது. கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இடைக்கால எழுத்தர் படங்களில் ஒரு கையில் இறகுப் பேனாவும் மறு கையில் கத்தியும் இருப்பது ஏன் என்று சொந்த மையில் எழுதிப் பார்த்தால் புரியும். அன்னபேதி கூடிப்போனால் மை காலப்போக்கில் தோலையே அரிக்கும், அளவில் கவனம் தேவை.

கோடு போட ஈயக்குச்சி. தோலில் மெல்லிய சாம்பல் கோடு விழும், ரொட்டித் துணுக்கால் தேய்த்தால் போய்விடும். ஹைடெல்பெர்க் நூலகம் கைப்பிரதி முழுவதையும் எண்ணியல் வடிவில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதிலிருந்து ஏட்டின் உண்மை அளவுக்கே அச்செடுத்து, பின்புறம் காவிப்பொடி தேய்த்து, முக்கியக் கோடுகளை மட்டும் தோலுக்கு மாற்றினேன்.

கோட்டைத் தொடரும்போதுதான் ஓவியரின் கணக்கு தெரிகிறது. இரண்டு முகங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தக் கைப்பிரதி முழுக்கவே முகங்கள் இளமையாக, அழகாக, கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன. கவிஞர்களில் பலர் ஓவியர் பிறப்பதற்கு முன்பே இறந்தவர்கள்; அவர்கள் சாயல் யாருக்கும் தெரியாது. ஆளை அடையாளம் காட்டுவது முகம் அல்ல, மேலே தொங்கும் கேடயம். பிரான்டன்பர்க்கின் சின்னம் வெண்தளத்தில் செங்கழுகு. அந்தக் கழுகைப் பார்த்தவுடன் அரசவையில் எவரும் ‘பிரான்டன்பர்க்’ என்று படித்துவிடுவார்கள். உருவ அளவும் அப்படித்தான். வாத்தியக்காரர்கள் சின்னதாக இருப்பது தூரத்தில் இருப்பதால் அல்ல, தகுதியில் சிறியவர்கள் என்று சொல்வதற்காக. என் கை அவர்களைச் சற்றே பெரிதாக்கத் துடித்தது. எக்காளம் ஊதும் கன்னத்தை வரைய இடம் போதவில்லை. ஆனால் பெரிதாக்கினால் படம் சொல்லும் செய்தியே மாறிப்போகும்.

பலகைக்கு அதிக நேரம் கொடுத்தேன். அது நிமிர்ந்து நிற்பதை ‘அவர்களுக்குத் தூரமும் ஆழமும் தெரியும்படி வரையத் தெரியாது’ என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பக்கவாட்டிலிருந்து பார்த்தபடி பலகையை ஒரு தட்டையான பட்டையாக வரைந்து பார்த்தேன். அது மேசையா பெட்டியா என்று தெரியவில்லை, ஆட்டம் காணாமல் போய்விட்டது. நிமிர்த்தினால் கட்டங்களும் காய்களும் பார்க்கிறவருக்கும் கிடைக்கின்றன. ஸ்பெயினின் காஸ்டில் அரசர் பத்தாம் அல்போன்சோ 1283இல் செவிய்யாவில் முடித்த ஆட்டங்களின் நூலிலும் இதே வழிதான். ஆடுகிறவர்கள் இருபுறமும் பக்கவாட்டில் இருக்க, பலகை மட்டும் முழுதாக நம்மைப் பார்க்கும், புதிருக்கான காய் நிலை துல்லியமாக இருக்கும். அதைப் பார்த்து நாமே ஆடலாம்.

கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. சதுரங்கம் இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியாக அரபு உலகுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தது. இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் பலகை வெறும் கோடுகளால் ஆனது, கட்டங்களுக்கு மாறிமாறி நிறம் இல்லை. இரண்டு நிறப் பலகை ஐரோப்பியச் சேர்க்கை. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில், ஏறத்தாழ 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு லத்தீன் செய்யுளில் அது முதன்முதலாகக் குறிப்பிடப்படுகிறது. அமைச்சர் காய் அரசியாக மாறியதும் அதே செய்யுளில்தான் முதலில் தெரிகிறது. அதே சுவிஸ் மண்ணில், ஸூரிச்சில், முந்நூறு ஆண்டுகள் கழித்து இந்தப் படம். ஆனால் ஓட்டோ ஆடிய ஆட்டத்தில் அரசிக்கு இன்றைய பலம் கிடையாது, மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகர்வாள். பலகையையே ஆளும் அரசி 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தாள். இடைக்கால ஓவியர்கள் பல இடங்களில் கட்டங்களின் எண்ணிக்கையைப் பொருட்படுத்தவில்லை. நான் 64 கட்டங்களையும் போட்டேன். ஆட்டம் பிறந்த ஊர்க்காரனாக அதில் எனக்கு ஒரு பிடிவாதம்.

அடுத்து பொன். வண்ணத்துக்கு முன்னால் பொன், இந்த வரிசை மாறக்கூடாது. தங்க ரேக்கு, அதாவது தாளைவிட மெல்லியதாகத் தட்டிய பொன் தகடு, ஈரமோ பசையோ இருக்கும் எதிலும் ஒட்டும். பிசின் கலந்த வண்ணத்தின்மேல் ஒட்டினால் பிரிக்க முடியாது. அதோடு, ரேக்கைக் கல்லால் தேய்த்து மெருகேற்றும்போது பக்கத்தில் வண்ணம் இருந்தால் அதுவும் தேயும். முடிக்காமல் விட்ட பழைய ஏடுகளில் வெறும் கோட்டுருவத்தின் நடுவே பொன் மட்டும் பளபளப்பதைப் பார்க்கலாம்; அதன் காரணம் இதுதான்.

பொன் புடைத்து நிற்க அடியில் ஒரு மேடு வேண்டும். நன்றாக அணைத்த பிளாஸ்டர் 8 பங்கு, வெள்ளை நிறமி 3 பங்கு, சர்க்கரை 1 பங்கு, பசை 1 பங்கு, நிறத்துக்குக் கொஞ்சம் காவி. பழைய செய்முறையில் அந்த வெள்ளை ஈய வெள்ளை. அது நஞ்சு என்பதால் டைட்டேனியம் வெள்ளை போட்டேன். பசைக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரம். பிளாஸ்டரை ஏராளமான தண்ணீரில் கொட்டி, நாள்தோறும் கிளறி, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் இறுகும் குணம் போய் வெண்ணெய் போன்ற மாவாகும். சர்க்கரை எதற்கு என்றால், அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேடு காய்ந்தபின் தாள்குழல் வழியாக அடிவயிற்றிலிருந்து மூச்சை ஊதினால் அந்த ஈரத்தில் மேடு மறுபடி பசையாகும். உடனே ரேக்கை வைத்து, மெல்லிய தாளின் மேலிருந்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

இங்கே நம் கடலோரக் காற்று வேலையையே மாற்றியது. ஐரோப்பியக் குறிப்புகள் மூச்சை இன்னும் நீளமாக ஊது, இன்னும் ஊது என்று சொல்லும். எங்கள் ஊரில் விடியற்காலையில் ஊதவே வேண்டாம், மேடு தானாகவே பிசுபிசுக்கும், ரேக்கு பாய்ந்து ஒட்டும். சிக்கல் மெருகில் வந்தது: ஈர மேட்டின்மேல் கல்லை ஓட்டினால் பொன் சுருண்டு கிழியும். எனவே ரேக்கு வைப்பது விடியலில், மெருகு போடுவது உச்சிவெயிலுக்குப் பிறகு என்று பிரித்துக்கொண்டேன். தட்டிப் பார்த்து ‘டிக்’ என்று கெட்டியாகச் சத்தம் வந்தால்தான் கல்லை எடுப்பது. மெருகுக்கு அகேட் கல். பழைய ஓவியர்கள் நாய்ப்பல்லையும் பயன்படுத்தினார்கள். முதலில் தாளுக்கு மேலிருந்து, பிறகு நேராக, வட்ட வட்டமாக. மங்கலாக இருந்த மஞ்சள் சட்டென்று கண்ணாடியாக மாறும் அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையை எத்தனை தடவையும் செய்யலாம். புடைத்த மேட்டில் ஒளி ஒவ்வொரு கோணத்திலும் வேறு மாதிரி விழுகிறது. அச்சுப்படமோ திரையோ இதைக் காட்டவே முடியாது. ஓரப்பட்டையில் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே வரும் சாய்சதுரங்களுக்கு மட்டும் பொன் வைத்தேன்.

கேடயத்தின் வெண்தளம் மரபுப்படி வெள்ளி. வெள்ளி ரேக்கு வைக்கவில்லை. பழைய ஏடுகளில் வெள்ளி வைத்த இடங்கள் பல, காற்றுப்பட்டுக் கறுத்து, வாளும் கேடயமும் கரிபடிந்தது போல நிற்கின்றன. வெள்ளை வண்ணமே போதும். கேடயச் சின்னங்களை வகுக்கும் கலையிலும் வெள்ளையும் வெள்ளியும் ஒன்றாகத்தான் கணக்கு. அந்தக் கலைக்கு ஒரு அடிப்படை விதி உண்டு: உலோகத்தின்மேல் உலோகம் வராது, நிறத்தின்மேல் நிறம் வராது. பொன்னும் வெள்ளியும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை எல்லாம் நிறம். புழுதி பறக்கும் மைதானத்தில் தலைக்கவசத்தால் முகம் மூடிய வீரனைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண இந்த வேறுபாடு உதவும். வெள்ளைமேல் சிவப்புக் கழுகைத் தீட்டிவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தேன், தெளிவாகப் படிக்க முடிந்தது.

வண்ணங்களுக்கான பசை முட்டை வெள்ளைக்கரு. நுரை கெட்டியாக நிற்கும்வரை அடித்து, இரவு முழுக்க விட்டால் அடியில் தெளிந்த நீர் இறங்கும். அதுதான் பசை. ஒரு துளி தேன் சேர்த்தால் காய்ந்தபின் வெடிக்காது, கிராம்பு எண்ணெய் சேர்த்தால் கெடாது. நீலத்துக்கு அன்று மிக உயர்ந்த பொருள் ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலையிலிருந்து வந்த நீலக்கல். அதை அரைத்து, மெழுகும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, காரநீரில் நிறத்தைப் பிரித்தெடுப்பார்கள். அந்த விலை எனக்குக் கட்டாது. 1820களில் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட அல்ட்ராமரின் நீலம் வேதியியலில் அதே பொருள்தான். வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலப்பொடியும் அந்த வகையே. சிவப்புக்குச் சாதிலிங்கத்தையும், மஞ்சளுக்கு அரிதாரத்தையும் தொடவில்லை. ஒன்றில் பாதரசம், மற்றதில் ஆர்சனிக். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் பாதுகாப்பான நிறமிகளே போதுமானவை.

ஒன்றை மட்டும் பழைய முறையிலேயே செய்தேன். சீமாட்டியின் உடைக்கு வேண்டிய இளஞ்சிவப்பைப் பதிமுகக் கட்டையிலிருந்து எடுத்தேன். கட்டையை ஊறவைத்துக் காய்ச்சி, படிகாரம் கலந்து, சீமைச் சுண்ணாம்புப் பொடியில் படியவைத்தால் ரோஜா நிறம் கிடைக்கும். இந்த மரம் இந்தியாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் இடைக்கால ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான சரக்கு. அங்கே ஏடு தீட்டும் பட்டறைகளில் வழக்கமாகப் பயன்பட்ட சிவப்புகளில் ஒன்று. வெயிலில் மங்கும் குணம் உண்டு, ஆனால் மூடிய புத்தகத்துக்குள் வெயில் எங்கே வரப்போகிறது.

தீட்டும் முறை எளிது. முதலில் ஒரே தட்டையான நிறம். அதன்மேல் மடிப்புகளுக்கு அதே நிறத்தின் அடர்த்தி. பிறகு கருப்புக் கோட்டால் எல்லா விளிம்பையும் மறுபடி வரைவது. கடைசியில் வெள்ளை மெல்லிழைகள். கருப்புக் கோடு விழும்வரை படம் கலங்கலாகத்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம். விரல்களை மட்டும் முன்கூட்டியே பல தடவை வேறு தாளில் வரைந்து பழகினேன். இந்த ஓவியங்களில் முகம் பேசாது, கைதான் பேசும். காய் பிடிக்கும் இரண்டு விரலின் வளைவில் யார் யோசிக்கிறார், யார் காத்திருக்கிறார் என்பது தெரிந்துவிட வேண்டும்.

தோல் ஏட்டைச் சட்டமிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கண்ணாடி தோலைத் தொடக்கூடாது, இடைவெளி விட்டு நாலு ஓரமும் மெல்லிய தாள்பட்டையால் பிடித்தால் போதும். மழைக்காலத்தில் தோல் உப்பும், வெயிலில் இழுக்கும். அசைய இடம் இல்லாவிட்டால் பொன்மேடு வெடிக்கும். மூல ஏடு 1657இலிருந்து பாரிஸ் அரச நூலகத்தில் இருந்து, 1888இல் ஹைடெல்பெர்க்குக்குத் திரும்பியது. இத்தனை இடம் மாறியும் வண்ணம் நிலைத்திருக்கிறது என்றால், பெரும்பாலும் மூடியே இருந்த புத்தகம் என்பது ஒரு முக்கியக் காரணம். என்னுடையதையும் சட்டமிடவில்லை. இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிவிட்டேன், பார்க்க வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டலாம்.

மீதித் தோலில் அல்போன்சோவின் ஆட்டநூலிலிருந்து ஓர் ஏடு செய்யப்போகிறேன். அந்த நூல் ஓர் இந்திய அரசரின் கதையோடு தொடங்குகிறது: அறிவு பெரிதா, அதிர்ஷ்டம் பெரிதா, இரண்டும் சேர்ந்தது பெரிதா என்று அவர் கேட்க, மூன்று ஞானிகள் முறையே சதுரங்கத்தையும், பகடையையும், காய்களும் பகடையும் சேர்ந்த ஆட்டத்தையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதற்கான சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டியாயிற்று. மாசிக்காயும் ஊறிக்கொண்டிருக்கிறது.